அரைவேக்காடு கேம், முழு விலை!

2020 டிசம்பர் 10. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள். எட்டு வருடமாக டிரெய்லர் காட்டிக் காட்டி ஆசையை வளர்த்த ‘சைபர்பங்க் 2077’ அன்றுதான் கைக்கு வந்தது. அந்த ஓர் ஆண்டிலேயே மூன்று முறை தேதி தள்ளிப்போயிருந்தும் சுமார் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பிளேஸ்டேஷன் 4-இல் அதைப் போட்டவர்கள் கண்டது டிரெய்லரில் பார்த்த நகரம் அல்ல. சாலை இருக்கிறது, வண்டிகளைக் காணோம். எதிரே வருபவரின் முகம் களிமண் பூசியதுபோல் மொழுமொழுவென்று இருக்கிறது; பக்கத்தில் போய்ச் சில நொடி நின்றால்தான் கண்ணும் மூக்கும் வருகின்றன. இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரித்தபடி ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். கார் தரைக்குள் புதைகிறது. கொஞ்ச நேரம் ஆடினால் திரை உறைந்து கேம் தானாக மூடிக்கொள்கிறது.

இதை முன்கூட்டியே எச்சரிக்க ஒருவராலும் முடியவில்லை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். விமர்சனத்தில் தாங்கள் பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. நல்ல கணினியில் ஆடியவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பழைய கன்சோல் வைத்திருந்தவர்கள் கடைக்கு ஓடினார்கள்.

நான்கு நாளில் கேமைச் செய்த நிறுவனத்திடமிருந்து மஞ்சள் பின்னணியில் மன்னிப்புக் கடிதம் வந்தது. பழைய கன்சோல்களில் கேம் எப்படி இருக்கும் என்பதை முன்பே காட்டாதது தவறு என்று ஒப்புக்கொண்டது. வேண்டுவோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. ஒரு வாரம் முடிந்த கையோடு பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்தே கேம் தூக்கப்பட்டது. மறுபடி அங்கே விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் 21-இல்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். பேட்ச் மேல் பேட்ச் வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய அப்டேட், அதே மாதத்தில் கூடுதல் கதைப் பகுதி. கேம் புதிதாகப் பிறந்ததுபோல் ஆனது. அன்று திட்டியவர்களே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். விழுந்து எழுந்த கேம்களுக்கு எடுத்துக்காட்டு என்றால் இன்று முதலில் வருவது இந்தப் பெயர்தான்.

இந்தக் கதையில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. அந்த 2.0 அப்டேட் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவில்லை. கூடுதல் கதையும் வரவில்லை. அவற்றுக்கான பெரிய அப்டேட்டுகள் 1.6 வரிசையோடு நின்றுவிட்டன. அந்தப் பழைய இயந்திரங்களுக்கு இவ்வளவு பெரிய நகரத்தைத் தாங்கும் தெம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளில் பலமாக அடிபட்டவர்கள் யார்? அதே பழைய கன்சோல்காரர்கள். காயம் அவர்களுக்கு, மருந்து அடுத்த தலைமுறை கன்சோல் வாங்கியவர்களுக்கு. பணத்தைத் திரும்பக் கேட்காமல், ‘எப்படியும் சரிசெய்துவிடுவார்கள்’ என்று நம்பி டிஸ்க்கை வைத்துக்கொண்டவருக்கு அந்த முழு கேம் கிடைக்கவேயில்லை.

என் ஆதங்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முடிக்காத கேமை விற்கும் பழக்கத்தில் மிக அதிகம் இழப்பவர் முதலில் நம்புகிறவர். வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கியவர் உடைந்த கேமை ஆடுகிறார். இரண்டு வருடம் காத்திருந்தவர் சரிசெய்யப்பட்ட கேமைத் தள்ளுபடியில் வாங்குகிறார். வேறெந்த வியாபாரத்திலும் முதல் வாடிக்கையாளரை இப்படி நடத்தினால் கடை நிலைக்காது.

நம் சினிமாவிலும் முதல் வாரம் முடிவதற்குள் இருபது நிமிடம் கத்தரித்து மறுபடி ஓட்டுவது உண்டு. முதல் காட்சிக்குப் போன ரசிகர் பார்த்தது ஒரு படம், அடுத்த வாரம் குடும்பத்தோடு போனவர் பார்த்தது இன்னொரு படம். ஆனால் அங்கே வெட்டுவது நீளத்தை. கதாநாயகன் முகம் வராத படத்தை எவரும் திரையில் ஓட்டுவதில்லை.

கேம் உலகில் இது எப்படி நடக்கிறது? மாஸ்டர் பிரதி தயாராகிவிட்டால் ‘கோல்டு ஆகிவிட்டது’ என்பார்கள். அதை வைத்து டிஸ்க் அச்சாகிறது, பெட்டியில் அடைபட்டு, கப்பல் ஏறிக் கடைகளுக்குப் போகிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் டெவலப்பர்கள் சும்மா இருப்பதில்லை. மிச்சம் கிடக்கும் பக்குகளை, அதாவது பிழைகளை, தீர்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் திருத்தங்களெல்லாம் சேர்ந்து வெளியீட்டு நாளன்று இணையம் வழியாக இறங்குவதுதான் ‘முதல் நாள் பேட்ச்’. தொடக்கத்தில் இது கூடுதல் மெருகுக்கு மட்டும் பயன்பட்டது. பிறகு, பேட்ச்தான் இருக்கிறதே என்று தேதி வகுக்கத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக் கூடாது, காலாண்டுக் கணக்கில் வருமானம் காட்ட வேண்டும் என்று அறிவித்த தேதி கல்வெட்டாகிவிடுகிறது. சைபர்பங்க், கோல்டு ஆகிவிட்டது என்று அறிவித்த பிறகும் மூன்று வாரம் தள்ளிப்போன கேம். அந்த மூன்று வாரமும் போதவில்லை.

பக் இருப்பது தெரியாமல் போய்விட்டது என்று சொல்வதை நான் எளிதில் ஏற்க மாட்டேன். ஒரு பெரிய கேமில் டெஸ்டர்களின் வேலையே பக்குகளைக் கண்டு, எழுதி, எது எவ்வளவு மோசம் என்று தரம் பிரிப்பது. வெளியீடு நெருங்கும்போது அந்தப் பட்டியலில் சிலவற்றை எடுத்து ‘தெரிந்தே விடலாம்’ என்ற கணக்கில் ஒதுக்குவது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். அப்படி ஒதுக்குவது டெஸ்டர் அல்ல, தேதியைக் காப்பாற்ற வேண்டியவர். வெளியான பின் வசவு வாங்குவதோ டெவலப்பரும் டெஸ்டரும்.

விமர்சனம் வெடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள். ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016 ஆகஸ்டில் வந்தது. இங்கிலாந்தின் சிறிய குழு ஒன்று செய்தது. 18-க்குப் பின்னால் பதினெட்டுச் சுழியங்கள் போடும் அளவுக்குக் கோள்கள் என்றார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பும் உண்டு என்ற எண்ணத்தை வளர்த்தார்கள். வெளியான உடனேயே இரண்டு பேர் சொல்லிவைத்துக்கொண்டு ஒரே கோளின் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. திட்டு மழையாகப் பொழிந்தது. குழு வாய் திறக்கவில்லை. சில மாதம் கழித்து, நவம்பர் இறுதியில், முதல் பெரிய அப்டேட் வந்தது. 2018 ஜூலையில் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி வந்தது. எதற்கும் கூடுதலாக ஒரு பைசா கேட்கவில்லை. 2016-இல் மிக மோசமான மதிப்பீடு வாங்கிய அந்த கேமுக்கு 2024 நவம்பரில் ஸ்டீம் இணையக் கடையின் ஆட்டக்காரர்களிடம் ‘மிக நன்று’ என்ற தரம் கிடைத்தது. எட்டு ஆண்டு உழைப்பு. அதை மதிக்கிறேன். ஆனால் அந்த முதல் மாதங்களில் முழுப் பணம் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதை அந்த உழைப்பு அழித்துவிடாது.

‘தி டே பிஃபோர்’ இன்னொரு எல்லை. 2023 டிசம்பர் 7-இல் வெளியீடு. நான்கு நாள் கழித்து நிறுவனமே மூடப்படுவதாக அறிவிப்பு. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான் ஆறுதல்.

எனக்குத் தெரிந்து சரியாகப் பதில் சொன்னது ஒரு ஜப்பானிய கேம். ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ 2010 செப்டம்பர் 30-இல் வெளியானபோது ஆட முடியாத அளவுக்கு மந்தமாக, குழப்பமாக இருந்தது. மாதக் கட்டணம் கட்டி ஆடும் கேம் அது. அவர்கள் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, 2011 முழுக்க வாங்கவில்லை. பிளேஸ்டேஷன் 3-இல் வரவிருந்த பதிப்பை நிறுத்திவைத்தார்கள். பொறுப்பாளரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதி, என்ன கெட்டிருக்கிறது, எது எப்போது மாறும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய கேமுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே, பக்கத்தில் புதிய கேமை அடித்தளத்திலிருந்து கட்டினார்கள். 2012 நவம்பரில் பழைய உலகத்தின்மேல் ஒரு நிலவு விழுந்து எல்லாம் அழிவதுபோல் காட்சி வைத்து அதை மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறந்தது.

அதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. பழைய, கெட்டுப்போன கேமிலேயே மூன்று மாதம் கட்டணம் கட்டி நின்றவர்களின் பெயர்களைப் புதிய கேமின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் சேர்த்தார்கள். மாதக் கட்டணத்திலும் அவர்களுக்கு நிலையான சலுகை கொடுத்தார்கள். முதலில் நம்பியவரை முதலில் நினைத்துக்கொண்ட பதில் அது. மஞ்சள் கடிதமும் வருத்தச் செய்தியும் யாரும் எழுதலாம். கல்லாவை மூடிவிட்டு வேலை பார்ப்பதுதான் கடினம்.

டெவலப்பர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இன்றைய கேம்கள் பிரம்மாண்டமானவை, ஆயிரம் வகைக் கணினிகளில் ஓட வேண்டியவை. தேதியைத் தள்ளினால் கொலை மிரட்டல்கூட வருகிறது. நோ மேன்ஸ் ஸ்கை தள்ளிப்போனபோது அப்படித்தான் வந்தது. அந்த வெறித்தனத்துக்கு எந்த மன்னிப்பும் கிடையாது. முடிக்காததை முடிக்காதது என்று சொல்லி விற்பதையும் நான் குறை சொல்லவில்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் ‘எர்லி ஆக்சஸ்’ என்று எழுதி ஒட்டி விற்றது. ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தித் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழு கேமாக வந்தது. வாங்கியவருக்கு எதை வாங்குகிறோம் என்பது தெரியும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கவலை வேறு. நாளைக்கு என்ன மிஞ்சும்?

முன்பு கேம் கார்ட்ரிட்ஜிலோ ஆர்கேட் இயந்திரத்திலோ வந்தது. அதற்குள் எழுதியது எழுதியதுதான். ‘பேக்-மேன்’ 256-ஆவது கட்டத்தில் பாதித் திரை சிதைந்து எழுத்தும் எண்ணுமாகிவிடும். 1980-இல் செய்த தவறு இன்றும் அப்படியே இருக்கிறது. ‘ஈ.டி.’ படத்தின் கேமை 1982-இல் ஐந்து வாரத்தில் செய்து, விற்காமல் மிஞ்சியவற்றை மறு ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பை மேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தார்கள். கெட்ட கேம்தான், ஆனால் முழுசாக அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மண்ணுக்குள் 30 வருடம் கிடந்தும் அதே கேம்தான்.

இன்றைய டிஸ்க்கில் இருப்பது என்ன? அச்சான நாளில் எப்படி இருந்ததோ அந்த அரைவேக்காடு. அதை ஆடத்தக்கதாக்கிய ஐந்து வருடத் திருத்தங்கள் எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அந்த சர்வர் ஓடும்வரைதான் நல்ல கேம். அதை நிறுத்திவிட்டால், பேரப்பிள்ளை டிஸ்க்கை எடுத்துப் போடும்போது வருவது கார் தரைக்குள் புதையும் அந்த முதல் நாள் நகரம். பதினைந்து வருடம் கழித்து ஒரு பழைய கன்சோலுக்காக அவ்வளவு பெரிய கோப்புகளை யார் சேமித்து வைப்பார்கள்? 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. அவை பெரும்பாலும் முழுசாகப் பெட்டிக்குள் இருந்த காலத்து கேம்கள். பேட்சை நம்பி வந்த கேம்களின் கதி இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

சட்டம் இப்போதுதான் விழித்திருக்கிறது. இணையத்தில் விற்கும் கேமுக்கு ‘வாங்குங்கள்’ என்று பட்டன் வைத்தால், இது உரிமம் மட்டுமே, உங்கள் சொத்து அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் நடப்பில் இருக்கிறது. சர்வரை நிறுத்தினாலும் கேம் ஆடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் நடந்த கையெழுத்து இயக்கம் 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கோரிக்கையோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பேன்: கடைசிப் பேட்ச் வரை சேர்ந்த முழுப் பிரதியை வாங்கியவர் தன்னிடம் சேமித்துக்கொள்ளும் உரிமை.

சர்வர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஆன்த்தம்’ என்ற கேமே சாட்சி. அது 2019 பிப்ரவரியில் வெளியானது. குறைகளைக் கேட்டு, அடியோடு மாற்றிக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். 2021-இல் அந்த வேலையைக் கைவிட்டார்கள். தனியாக, இணையம் இல்லாமல் ஆடும் வழி அதில் கிடையாது. 2026 ஜனவரி 12-இல் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. முழு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. போட்டால் எதுவும் திறக்காது.