கட்டத்துக்குள் போன அரை மா

"அரை மா நிலம் எங்கேடா போச்சு?"

போனில் பெரியப்பா. திருவையாறு பக்கம் கிராமம். தாத்தாவின் பழைய கணக்கு நோட்டை, சிங்கப்பூரில் இருக்கும் பேரன் பேத்திகளும் பார்க்கட்டும் என்று வெப் பக்கமாகப் போடச் சொல்லியிருந்தார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் 'தெரிந்தவன்' நான்தான் (படித்தது பி.காம்.!).

காணி, முக்காணி, மா, நெல், வேலி என எல்லாவற்றுக்கும் தாத்தா பழைய குறிகளையே போட்டிருந்தார். எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டினேன். பெரியப்பா செல்போனில் அத்தனையும் வெறும் கட்டம். சரி, எழுத்திலேயே போட்டுத் தொலைப்போம் என்று நோட்டைப் பார்த்து மாற்றியபோது, ஓரிடத்தில் முக்காணியைக் காணி ஆக்கிவிட்டேன். காணி என்றால் 80-ல் ஒரு பங்கு. முக்காணி மூன்று பங்கு. வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர், 20 மா. கணக்குப் போட்டுப் பாருங்கள், விட்டுப்போனது சரியாக அரை மா. பதினாறு சென்ட்! பங்காளி வீட்டில் இது போதும், பத்து வருஷம் பேசாமல் இருக்க.

அப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. ௹ என்ற நம் பழைய ரூபாய்க் குறிக்கு 3065. அது 2003-லேயே வந்துவிட்டது. பின்னம், நெல், வேலி வகையறா 51 குறிகள் 2019 மார்ச்சில்தான் இடம் பிடித்தன. காணிக்கு 73666, முக்காணிக்கு 73670, நெல்லுக்கு 73685. எச்.டி.எம்.எல்.லில் முதலில் & போட்டு, ஒட்டினாற்போல் #, அப்புறம் எண், கடைசியில் அரைப்புள்ளி. அவ்வளவுதான். (< என்ற குறிக்குக்கூட 60 என்று எண் போடுவதே உத்தமம். சும்மா போட்டால் ஏதோ உத்தரவு என்று நினைத்து, பின்னால் வருவதை பிரவுசர் விழுங்கினாலும் விழுங்கும்.)

எண் சரியாக இருந்தும் கட்டம் வந்தால்? எண் வெறும் டோக்கன் மாதிரி. படம் வரைய வேண்டியது ஃபான்ட். பார்ப்பவர் செல்போனில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம்தான். 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்' என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

பெரிய கோயில் கல்வெட்டில் நிலத்தை முந்திரிக்கும் கீழே போய் அளந்திருக்கிறார்கள். முந்திரி 320-ல் ஒன்று. கீழ் முந்திரி அதிலும் 320-ல் ஒன்று. இன்றைய வேலிக் கணக்கில் மூணு சதுர அடிகூட வராது. சம்மணம் போட்டு ஓர் ஆள் உட்காரலாம். அதைக் கல்லில் வெட்டியவருக்கு ஃபான்ட் பிரச்னை இல்லை.

மறுநாள் பெரியப்பாவிடமிருந்து போன்.

"நெல்லு வந்துடுச்சுடா. முக்காணியும் வந்துடுச்சு."

"அப்பாடா!"

"பரண்ல இன்னும் நாலு நோட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல வந்துடு."