‘அன்லாக்டு’ போன் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன்னாடி பேண்ட் பாருங்க!



நம்ம வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் பல வீடுகள்ல ஒருத்தராவது அமெரிக்காவிலோ துபாயிலோ வேலை பார்க்கிறாங்க. லீவுக்கு வரும்போது கூடவே ஒரு போனும் வரும். அது இல்லைன்னா ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. "யுஎஸ் பீஸ் சார், அன்லாக்டு, எந்த சிம் வேணாலும் போடலாம்" என்று சொல்லி, இங்கே இருக்கிற விலையை விட பத்து, பதினைந்தாயிரம் குறைத்துக் கொடுப்பார்கள்.

அந்த விலை வித்தியாசம் நிஜமான லாபமா? சில சமயம் ஆமாம். சில சமயம் அந்தப் பணத்தை மாசாமாசம் ரீசார்ஜிலேயே திருப்பிக் கொடுத்துடுவீங்க. எப்படின்னு பார்ப்போம்.

‘அன்லாக்டு’ என்றால் என்ன?

அமெரிக்காவில் பலர் போனை நெட்வொர்க் கம்பெனியிடமே தவணையில் வாங்குகிறார்கள். தவணை முடியும் வரை வேறு கம்பெனி சிம் வேலை செய்யாதபடி போனைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் போன் ‘அன்லாக்டு’. அவ்வளவுதான்.

ஆனா அந்தப் போன் நம்ம ஊர் டவரோட பேசுமா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு நெட்வொர்க்கும் குறிப்பிட்ட அலைவரிசைகளில்தான் இயங்குகிறது. அந்த அலைவரிசைகளுக்குத்தான் பேண்ட் என்று பெயர். எந்தெந்த பேண்ட் வேலை செய்யும் என்பது போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவையும் ரேடியோ பாகங்களையும் பொறுத்தது. இல்லாத பேண்டை எந்தக் கடைக்காரரும் அப்டேட் போட்டுச் சேர்க்க முடியாது.

நம்ம ஊரில் என்னென்ன பேண்ட்?

இது நாடு தழுவிய பொதுவான பட்டியல். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

• ஜியோ: 4ஜி-க்கு பேண்ட் 3 (1800 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 5 (850), பேண்ட் 40 (2300). 5ஜி-க்கு என்28 (700), என்78 (3500).

• ஏர்டெல்: 4ஜி-க்கு பேண்ட் 1 (2100), பேண்ட் 3, பேண்ட் 8 (900), பேண்ட் 40. 5ஜி-க்கு முக்கியமாக என்78.

• வி: 4ஜி-க்கு பேண்ட் 1, பேண்ட் 3, பேண்ட் 8. சில மாநிலங்களில் பேண்ட் 40, 41.

• பிஎஸ்என்எல்: 4ஜி-க்கு பேண்ட் 28 (700), பேண்ட் 1.

சுருக்கமா நினைவில் வைக்கணும்னா, 4ஜி-யில் 1, 3, 5, 8, 28, 40 என்று ஆறு பேண்ட், 5ஜி-யில் என்28, என்78 என்று இரண்டு. இந்த எட்டும் இருந்தால் கவலையில்லை.

இங்கே ஒரு சிக்கல். பெட்டியில் ‘700 மெகாஹெர்ட்ஸ்’ என்று போட்டிருந்தாலே போதும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் 700-ஐ பேண்ட் 12, 13, 17 என்று வேறு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். நம்ம பிஎஸ்என்எல் பயன்படுத்துவது பேண்ட் 28. இரண்டும் ஒன்றல்ல. அதனால் மெகாஹெர்ட்ஸ் எண்ணை விட்டுட்டு பேண்ட் எண்ணைப் பாருங்க.

ஒரு பேண்ட் இல்லைன்னா என்ன ஆகும்?

போன் செத்துப் போகாது. அதனாலதான் கடையில கண்டுபிடிக்க முடியறதில்லை.

குறைந்த அலைவரிசைகள் (700, 850, 900) தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். உயர்ந்த அலைவரிசைகள் (2300, 3500) வேகம் தரும், ஆனா தூரமும் குறைவு, சுவரைத் தாண்டுவதும் கஷ்டம். பேண்ட் 5 இல்லாத போனில் ஜியோ சிம் போட்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் எல்லாம் பிரமாதமாக இருக்கலாம். அதே போனை அபார்ட்மென்ட் கீழ்த்தளத்துக்கோ மருத்துவமனை வார்டுக்கோ கொண்டு போனால் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். நீங்க "இந்த ஏரியாவுல ஜியோ சரியில்லை" என்று நெட்வொர்க்கைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. குறை போனில் இருக்கும்.

5ஜி-யிலும் இதே கதைதான். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய ஒரே தனியார் கம்பெனி ஜியோ. அது உள்ளே வரை எட்டும் 5ஜி. என்78 மட்டும் உள்ள போனில் ஜியோ 5ஜி வெளியே ஓடும், வீட்டுக்குள் வந்ததும் 4ஜி-க்கு இறங்கிவிடலாம்.

பேண்ட் இருந்தாலும் போதாது

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியது. ஏர்டெல் 5ஜி முதலில் வந்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது ஐபோன் 12, 13, 14 வைத்திருந்தவர்களிடம் தேவையான பேண்ட் இருந்தது, ஆனால் 5ஜி வரவில்லை. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 அப்டேட் வந்த பிறகுதான் கிடைத்தது. அதாவது பேண்ட் இருந்தாலும், கம்பெனி அதை நம்ம நெட்வொர்க்குக்குத் திறந்துவிட வேண்டும்.

பேச்சுக்கும் இது பொருந்தும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, எல்லா அழைப்பும் வோல்ட்இ வழியாகத்தான். வெளிநாட்டு மாடலில் இந்திய நெட்வொர்க்குக்கு வோல்ட்இ திறக்கப்படவில்லை என்றால் யூடியூப் ஓடும், கால் போகாது. ஏர்டெல்லில் 2ஜி இருப்பதால் அழைப்பு அதற்கு இறங்கிச் சமாளிக்கும்.

சிம் ட்ரே இருக்கா?

ஐபோன் 14-லிருந்து அமெரிக்க மாடல்களில் சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். புதிய அமெரிக்க ஐபோன்களில் பொதுவாகப் பேண்ட் பிரச்சினை கிடையாது, பிரச்சினை இதுதான். போன் கீழே விழுந்து உடைந்தால் சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட முடியாது. பேங்க் ஓடிபி வரும் நம்பர் அதில் இருந்தால், இ-சிம்மை மாற்றி முடிக்கும் வரை பணப் பரிமாற்றம் நின்றுவிடும். வயதான அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் போன் என்றால் இதை நல்லா யோசிங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றுமே கட்டணத்தை ஏற்றியது ஞாபகம் இருக்கும். ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 60 ரூபாய்தானே? 28 நாள் திட்டத்தை வருஷத்துக்கு 13 தடவை போடணும். 60 × 13 = 780. நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 3,120 ரூபாய் கூடுதல்.

அப்போது நம்மகிட்ட இருந்த ஒரே ஆயுதம் நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்துறது. 2011 ஜனவரியிலிருந்து இந்த வசதி நாடு முழுக்க இருக்கு. பல பேர் பிஎஸ்என்எல்-க்கு மாறினாங்க. 2025 செப்டம்பரில் பிஎஸ்என்எல் தன் சொந்த நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி-யை முறையாகத் தொடங்கியது. ஆனா பேண்ட் 28 இல்லாத போன் வைத்திருப்பவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும். பேண்ட் 1 எட்டும் இடத்தில் மட்டும் 4ஜி.

போனில் விடுபட்ட ஒவ்வொரு பேண்டும், நீங்கள் நிம்மதியாக மாறிப் போக முடியாத ஒரு கம்பெனி. போன் வாங்கும்போது மிச்சம் பிடித்த பணத்துக்கு, அடுத்த மூணு வருஷத்துக்கு ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்கிறோமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பணம் கொடுக்கும் முன் ஐந்து சோதனை

1. மாடல் எண்ணைப் பாருங்க. பெயர் போதாது. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாடல் இருக்கும். செட்டிங்ஸில் அபௌட் பகுதியில் மாடல் எண் கிடைக்கும். அதை வைத்து கம்பெனியின் இணையதளத்தில் பேண்ட் பட்டியலைத் தேடி, மேலே சொன்ன எட்டோடு ஒப்பிடுங்க. சீனாவுக்கு மட்டும் தயாரான மாடல்களில் பேண்ட் 28 இல்லாமல் இருப்பதுண்டு.

2. ஐபோன் என்றால் அபௌட் பகுதியில் கேரியர் லாக் என்ற வரியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். வேறு எதாவது இருந்தால் வாங்காதீங்க. பூட்டைத் திறக்க அந்த ஊர் கம்பெனியால்தான் முடியும்.

3. *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுங்க. KYM என்று டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விவரம் வரும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். எண் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஐஎம்இஐ-யைத் திருத்துவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

4. உங்க சிம்மையே போட்டு கால் பண்ணுங்க, எதிர்முனையிலிருந்தும் பண்ணச் சொல்லுங்க. நெட் ஓடுவதை மட்டும் பார்த்துத் திருப்தி ஆயிடாதீங்க. வீட்டில் இன்னொரு கம்பெனி சிம் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்க.

5. இரண்டு நாள் திருப்பித் தரும் அவகாசம் கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சிக்னலை வைத்து உங்க படுக்கையறை சிக்னலைச் சொல்ல முடியாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், கடைக்குப் போகும் முன்பே மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலைதான். வெளிநாட்டில் வாங்கிய போனுக்குப் பல கம்பெனிகள் இங்கே வாரண்டி தருவதில்லை, அதையும் கேட்டு வைங்க.

எட்டு பேண்டும் இருந்து, பூட்டு இல்லாமல், ஐஎம்இஐ சரியாக இருந்தால் தாராளமா வாங்குங்க, அது நிஜமான லாபம். இல்லைன்னா இந்திய மாடலையே, போன வருஷத்து மாடலானாலும் பரவாயில்லைன்னு வாங்குவது பர்ஸுக்கு நல்லது.

வாங்க நினைக்கிற போனோட மாடல் எண்ணைக் கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து போன் வரப் போகிற வீட்டுக்கு இந்தப் பதிவை அனுப்பி வைங்க.