வினையூக்கி மாற்றியை அகற்றுதலும் எஞ்சின் கணினியின் எரிபொருள் கட்டுப்பாடும்: சென்னைப் பெட்ரோல் கார்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெட்ரோல் காரின் புகைபோக்கித் தொடரிலிருந்து வினையூக்கி மாற்றியை அகற்றுவதும் ஆக்சிஜன் உணரியை அகற்றுவதும் ஒரே விளைவைத் தருவன அல்ல. முன்னது நச்சு வளிகளைப் பெருக்குகிறது. பின்னது கணினியின் எரிபொருள் கணக்கையே குலைக்கிறது. இவ்வேறுபாட்டையும், புகைச் சோதனைவழி அதனை அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வினையூக்கி மாற்றி, ஆக்சிஜன் உணரி, லாம்டா, மூடிய சுற்று, புகைச் சோதனை.

முன்னுரை

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் மாற்றியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே இந்நகரங்களுக்கு வந்தது. 2010இல் சென்னையில் பாரத் நிலை 4 விதிகளும், 2020இல் நாடு முழுவதும் பாரத் நிலை 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. இருப்பினும், மாற்றியை நீக்கினால் இழுவை கூடும், மைலேஜ் உயரும் என்னும் கருத்து கார் உரிமையாளர் சிலரிடம் நிலவுகிறது. கணினியின் செயல்முறையை நோக்கின் இக்கருத்தின் குறைபாடு புலப்படும்.

கணினி எரிபொருளை அளக்கும் முறை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எஞ்சினுள் சென்ற காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதமே லாம்டா. அது 1 எனில் கலவை சமநிலையில் உள்ளது. குறைந்தால் எரிபொருள் மிகை. கூடினால் காற்று மிகை. உட்செல்லும் காற்றைக் கொண்டு கணினி எரிபொருளை முதலில் மதிப்பிடுகிறது. மாற்றிக்கு முன்னுள்ள உணரி, புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அறிந்து அம்மதிப்பீட்டைத் திருத்த உதவுகிறது. சிர்கோனியா உணரி எரிபொருள் மிகையின்போது ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், காற்று மிகையின்போது 0.1 வோல்ட்டும் தரும். இடையறாத இத்திருத்தமே மூடிய சுற்று எனப்படுகிறது. மாற்றிக்குப் பின்னுள்ள உணரியின் முதன்மைப் பணி மாற்றியைக் கண்காணிப்பதாகும்.

அகற்றுதலின் விளைவுகள்

மாற்றி மட்டும் நீக்கப்பட்டு முன் உணரி நிலைத்திருந்தால் லாம்டா பெரும்பாலும் 1ஐ ஒட்டியே நிற்கும். பின் உணரி மட்டும் முன் உணரியைப் போலவே ஏறியிறங்கும். கணினி பி0420 என்னும் பிழைக்குறியைப் பதிந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றும். எரிபொருள் அளவு ஏறக்குறைய மாறாதபோது மைலேஜ் உயரக் காரணமில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியன மாற்றமடையாமல் வெளியேறும்.

முன் உணரி நீக்கப்பட்டால் நிலைமை வேறு. கணினி திறந்த சுற்றுக்கு மாறி, நினைவிலுள்ள மதிப்புகளையே நம்பி இயங்கும். எரிபொருள் தெளிப்பானின் தேய்மானமோ பெட்ரோலில் கலந்த எத்தனாலின் மாறுபாடோ அதற்குப் புலப்படாது. மாற்றியை நீக்கியபின் பொருத்தும் குழாயின் இணைப்பு உணரிக்கு முன்பாகக் கசிந்தாலும் இடர் உண்டு. வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால் காற்று மிகையென உணரி தவறாகக் காட்டும். கணினி தேவையின்றி எரிபொருளைக் கூட்டும். மைலேஜை உயர்த்தச் செய்த மாற்றமே அதனைக் குறைத்துவிடும்.

சோதனைவழி வேறுபடுத்தல்

பாரத் நிலை 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு வெற்றோட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டைக் கடத்தல் கூடாது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2500 சுழற்சியில் லாம்டா 0.97 முதல் 1.03க்குள் இருத்தல் வேண்டும். லாம்டா சரியாகவும் கார்பன் மோனாக்சைடு மிகையாகவும் இருப்பின் மாற்றியை ஐயுறலாம். லாம்டாவும் விலகியிருப்பின் உணரி, கசிவு, எரிபொருள் கட்டுப்பாடு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

முடிவுரை

தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் நெரிசலில் கார்கள் நின்று நின்றே நகர்கின்றன. வெற்றோட்டப் புகை அங்கு நடப்போரின் மூச்சு மட்டத்திலேயே கலக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லாமையால் உரிமையாளரும் அதனை உணரார். ஆகவே சோதனைத் தாளில் தேர்ச்சி முத்திரையை மட்டும் நோக்காது, லாம்டாவையும் கார்பன் மோனாக்சைடு அளவையும் இணைத்துப் படிப்பதே குறையின் இடத்தை அறியும் வழியாகும்.