பொறுப்பாளர் பெயர் இல்லாத சேவைகள்

கோடம்பாக்கம் நிலையத்தில் புறநகர் ரயிலைவிட்டு இறங்கி மாநகரப் பேருந்தில் ஏறும் ஒருவர், இரண்டுக்குமான பயணச்சீட்டை இன்று ‘சென்னை ஒன்’ என்னும் ஒரே செயலியில் வாங்கலாம். 2025 செப்டம்பரில் அறிமுகமான அச்செயலி மெட்ரோ, ஆட்டோ, வாடகைக் கார் ஆகியவற்றையும் ஒருங்கே இணைக்கிறது. பயணியின் கண்ணுக்குத் தெரிவது ஒரே திரை. ஆனால், இத்தகைய செயலிகளுக்குப் பின்னால் கட்டணக் கணக்கீடு, பணப் பரிமாற்றம், கால அட்டவணை எனப் பல மென்பொருள் சேவைகள் இயங்குகின்றன. காலை எட்டு மணி நெரிசலில் அவற்றுள் ஒன்று முடங்கினால், சரிசெய்ய வேண்டியவர் யார்? பல நிறுவனங்களில் இதற்கான விடை சில மூத்த பொறியாளர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

இக்குறையைப் போக்க வந்ததே ‘டெவலப்பர் போர்ட்டல்’ எனப்படும் மென்பொருளாளர் வலைவாசல். இசைச் சேவை நிறுவனமான ஸ்பாட்டிஃபை, தன் சொந்தப் பயன்பாட்டுக்காக உருவாக்கிய ‘பேக்ஸ்டேஜ்’ என்னும் வலைவாசலை 2020-இல் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. அதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு சேவையின் நிரலோடும் ஒரு சிறு விவரக் கோப்பு இருக்கும். சேவையின் பெயர், பொறுப்பான குழு, அது சார்ந்திருக்கும் பிற சேவைகள் ஆகியவை அதில் பதிவாகும். வலைவாசல் அவற்றைத் திரட்டி ஒரே பட்டியலாகக் காட்டும்.

பட்டியல் மட்டும் போதாது. கைப்பட நிரப்பும் எந்தப் பதிவேடும் நாளடைவில் பழையதாகிவிடும். எனவேதான் வலைவாசலை, நிரலைச் சோதித்துச் சேவையகங்களில் நிறுவும் வழங்கல் தளத்துடன் இணைக்கிறார்கள். அப்போது எந்தப் பதிப்பு தற்போது இயங்குகிறது, கடைசி மாற்றம் எப்போது நிகழ்ந்தது, அது வென்றதா தோற்றதா என்பதை வலைவாசல் அத்தளத்திடமிருந்தே பெற்றுக் காட்டும். புதிய சேவையைத் தொடங்குவோருக்கு, பாதுகாப்புச் சோதனைகள் உள்ளடங்கிய ஆயத்த வார்ப்புருவையும் அளிக்கும்.

இவற்றிலும் கருவியால் தானாக நிரப்ப முடியாத ஓர் இடம் உண்டு: பொறுப்பாளர். அதை நிர்வாகம்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே தனிநபர் பெயரை எழுதினால், அவர் வேலை மாறும் நாளில் பதிவு பயனற்றுப்போகும். குழுவின் பெயரே நிலைக்கும். பொறுப்பாளர் குறிப்பிடப்படாத சேவையை நிறுவ வழங்கல் தளமே மறுக்கும்படியும் விதி வகுக்கலாம்.

அரசின் மென்பொருள் இடைமுகங்கள் திறந்தவையாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. ‘ஏபிஐ சேது’ தளம் அவற்றை வெளியாருக்குப் பட்டியலிடுகிறது. அதே ஒழுங்கு உள்ளேயும் வேண்டும். அரசுச் செயலிகள் பலவும் ஒப்பந்தத்தின் வழியே உருவாகின்றன. ஒப்பந்ததாரர் மாறும்போது அறிவும் அவருடன் வெளியேறினால் இழப்பு மக்களுக்கே. செயலியோடு, வழங்கல் தளத்துடன் இணைந்த இந்தப் பதிவேட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்குவது பெரிய செலவு பிடிக்கும் செயலன்று.