பூமிக்குள் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட்!

இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் அணு அடுக்கு பி.சி.சி.யிலிருந்து எஃப்.சி.சி.க்கு மாறும். மெட்டலர்ஜி பாடத்தில் இது நமக்கெல்லாம் மனப்பாடம். அதே வேலையை அழுத்தமும் செய்யும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நம் காலுக்குக் கீழே மேன்டில் என்கிற பாறை அடுக்கு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் அதிகம் இருப்பது ஆலிவின் என்னும் பச்சைக் கனிமம். மக்னீசியம், இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள்.

சுமார் 410 கி.மீ. ஆழத்தில் அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல 1,40,000 மடங்கு. "உள்ளே போ, உள்ளே போ"ன்னு டவுன் பஸ் கண்டக்டர் நெருக்குவாரே, அதே கதைதான்! அணுக்கள் நெருங்கி அமர்ந்து ஆலிவின், வாட்ஸ்லியைட் ஆகிறது. சுமார் 520 கி.மீ.யில் ரிங்வுடைட். 660 கி.மீ.யில் அதுவும் தாங்காமல் மக்னீசியம்-இரும்பு ஆக்சைடாகவும், இன்னொரு சிலிக்கேட் கனிமமாகவும் பிரிகிறது. அந்தக் கனிமத்தில் சிலிக்கானைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்! அடர்த்தி எண் 3.2-ல் தொடங்கி 4.1-ஐத் தொடுகிறது.

யார் போய்ப் பார்த்தார்கள்? ரஷ்யாவின் கோலாவில் மனிதன் தோண்டிய துளையே 12 கி.மீ.யைச் சற்றுத்தான் தாண்டியது. ஆனால் நிலநடுக்க அலைகள் 410-லும் 660-லும் சட்டென்று வேகமெடுக்கின்றன. வைர முனைகளுக்கு நடுவே கனிமத்தை நசுக்கி, ஆய்வகத்திலும் இந்த மாற்றங்களைப் பார்த்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த ஆறு ஆக்சிஜன் கனிமத்துக்குப் பெயர் வைக்க முடியவில்லை! இயற்கையில் கிடைத்த மாதிரி வேண்டும் என்பது கனிமவியல் விதி. ஆழத்திலிருந்து மெல்ல மேலே வந்தாலோ, அழுத்தம் குறைந்து அது வேறாக மாறிவிடும்.

கை கொடுத்தது 1879-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல். விண்வெளியில் நடந்த ஒரு மோதலில் அதற்குக் கடும் அழுத்தமும் வெப்பமும் கிடைத்து, உடனே குளிர்ந்தும் விட்டது. நம்ம க்வென்ச்சிங் மாதிரியேதான்! மாறிய அடுக்கு மாறியபடியே தங்கிவிட்டது. அதை வைத்து 2014-ல் பிரிட்ஜ்மனைட் என்று பெயர் சூட்டினார்கள். உயர் அழுத்த ஆய்வுக்காக 1946-ல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மனின் நினைவாக.

ஆகவே நண்பர்களே, ஒரு பொருள் எதனால் ஆனதுன்னு மட்டும் கேட்காதீங்க. எப்படி அடுக்கியிருக்குன்னும் கேளுங்க. பூமியின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கிற கனிமத்துக்குப் பெயர் வைக்க, வானத்திலிருந்து ஒரு கல் விழ வேண்டியிருந்தது!