திருப்பூர் மாணவர்களே... மீடியா இன்டர்வியூவுக்கு உங்க 'சாம்பிள்' ரெடியா?

பனியன் கம்பெனிக்கு டைலர் வேலை கேட்டு வருபவரிடம் யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. மெஷினில் உட்காரச் சொல்லி, துணியைக் கையில் கொடுத்து, தைத்துக் காட்டச் சொல்வார்கள். ஓவர்லாக்கோ, பேட்லாக்கோ, கை எப்படி ஓடுகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வெளிநாட்டு பையரும் அப்படித்தான். சாம்பிள் பீஸைப் பார்த்து ஓகே சொன்ன பிறகே ஆர்டர்!

திருப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஆனால், அதே வீட்டுப் பிள்ளை விஷுவல் கம்யூனிகேஷனோ இதழியலோ படித்துவிட்டு மீடியா நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது மார்க் ஷீட்டையும், மனப்பாடம் செய்த 'செல்ஃப் இன்ட்ரோ'வையும் மட்டும் நம்பிப் போவதுண்டு. கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு போன்ற தயாரிப்பு வேலைகளுக்கு அது போதாது. அங்கேயும் சாம்பிள்தான் முதலில் பேசும்.

அதற்கு முன்பே வீட்டில் ஒரு கேள்வி காத்திருக்கும். "மாசம் எவ்வளவு தருவாங்க?" நியாயமான கேள்விதான். ஷிப்ட் கணக்கில் உழைப்பை அளந்து, வாரச் சம்பளத்தில் வீட்டை ஓட்டும் ஊர் இது. லீவில் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமை கையில் காசு. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை போனாலோ ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். எனவே, இன்டர்வியூவில் தேர்வாவது பாதி வேலைதான். போகும் இடம் நம் வீட்டு நிலைமைக்குச் சரிவருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

குறும்படமே விசிட்டிங் கார்டு

பக்கத்து கிணத்துக்கடவைச் சேர்ந்த லோகேஷ் கனகராஜை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் பேஷன் டெக்னாலஜி படித்தவர். வங்கி வேலையில் இருந்தபடியே குறும்படங்கள் எடுத்தார். யாரிடமும் உதவி இயக்குநராக இல்லாமல், 2017-ல் 'மாநகரம்' படத்தின் மூலம் இயக்குநரானார். அவரைப் பற்றிப் பேச, அவர் எடுத்த குறும்படங்கள் இருந்தன.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியும் இதே வழிதான். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அந்த மேடையில் குறும்படங்களைக் காட்டிவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார்கள். இன்டர்ன்ஷிப் இதைவிடச் சிறிய வாசல். ஆனால், திறக்கும் சாவி ஒன்றுதான்.

ஷோரீல் எப்படி இருக்கணும்?

* இரண்டு நிமிடம் போதும். உங்களுடைய மிகச் சிறந்த ஷாட் முதலில் வரட்டும். பலரின் ரீலைப் பார்க்க வேண்டியவர், கடைசி வரை காத்திருக்க மாட்டார்.

* கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த படம் என்றால், அதில் உங்கள் வேலை என்ன என்று எழுதிக் காட்டுங்கள். 'எடிட்டிங் மட்டும்' என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

* சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டாதீர்கள். காப்புரிமை ஒரு பக்கம். உங்கள் ஒலிப்பதிவு எப்படி என்பதே தெரியாமல் போவது இன்னொரு பக்கம்.

* விலை உயர்ந்த கேமரா கட்டாயமில்லை. மொபைலில் எடுக்கலாம். கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே எடிட் செய்யலாம். ஆனால், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். படம் கொஞ்சம் ஆடினால் மன்னிப்பார்கள். சத்தம் இரைந்தால் மூடிவிடுவார்கள்.

* டிரைவ் லிங்க் அனுப்பினால், வேறொரு போனில் அது திறக்கிறதா என்று பாருங்கள். போனிலும் பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

கதை தேடி எங்கேயும் போக வேண்டாம்

நூல் ஒரு டி-ஷர்ட்டாக மாறும் பயணத்தை யோசித்துப் பாருங்கள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கைகள்! நொய்யல் ஆறு இருக்கிறது. கழிவுநீர்ப் பிரச்னையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த நாள்களை நேரில் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். காதர்பேட்டை கடைகள் இருக்கின்றன. வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கி, தமிழ் பழகிக்கொண்ட தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனிக்குள் கேமரா கொண்டுபோவதற்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இன்னும் கடைக்கு வராத டிசைன்கள் அங்கே தைக்கப்படும் என்பதால், படமெடுக்க மறுப்பது இயல்பு. மறுத்தால் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவின் ஒரு மாலை நேரத்தை, அவர் சம்மதத்தோடு மூன்று நிமிடப் படமாக எடுக்கலாம். சென்னை மாணவருக்குக் கிடைக்காத கதை அது.

என்ன கேட்பார்கள்?

'இந்த இடத்தில் ஏன் கட் செய்தீர்கள்?' 'இதையே 30 விநாடி ரீலாக மாற்றச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?' 'ஷூட்டிங் முடிந்ததும் மெமரி கார்டை என்ன செய்வீர்கள்?' இப்படித்தான் கேள்விகள் வரும். கடைசிக் கேள்வி எளிதாகத் தோன்றும். இரண்டு இடங்களில் காப்பி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே கார்டை அழிப்பேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

செய்திப் பிரிவு என்றால் சட்டமும் கேட்கலாம். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 72-வது பிரிவு. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் தெருப் பெயரையும் காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும் என்பதை உணர்ந்திருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். "இது தெரியாது, இதே வேலையை இப்படிச் செய்திருக்கிறேன்" என்பது நல்ல பதில். ஆங்கிலம் தடுமாறினால், தமிழில் பேசலாமா என்று கேளுங்கள். தமிழில் நிகழ்ச்சி தயாரிக்கும் இடத்தில், நல்ல தமிழ் உங்களுக்குப் பலம்.

நீங்களும் கேளுங்கள்

கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். "இல்ல சார்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். உதவித்தொகை உண்டா? எத்தனை மணி நேரம்? இரவு ஷூட்டிங் இருந்தால் வீடு திரும்ப ஏற்பாடு என்ன? யார் சொல்லித்தருவார்கள்? முடிக்கும்போது சான்றிதழும், செய்த வேலைக்குப் பெயரும் கிடைக்குமா? இவற்றைப் பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. ஆனால், தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில், 21 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அல்ல என்பது அப்போதைய விதி. விண்ணப்பிக்கும் முன், இப்போதைய விதிகளை அரசு இணையதளத்தில் பாருங்கள்.

மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

'இன்டர்ன்ஷிப் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால், அங்கேயே நன்றி சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

சென்னைதான் போகணுமா?

அவசியமில்லை. ஆன்லைனில் ஆடை விற்கும் நிறுவனங்களுக்கு போட்டோவும் வீடியோவும் தினமும் தேவை. கேட்டலாக் ஷூட் செய்யும் ஸ்டூடியோக்கள், உள்ளூர் கேபிள் சேனல்கள், திருமண வீடியோ எடுப்பவர்கள் என்று கற்றுக்கொள்ள ஊரிலேயே இடங்கள் உண்டு. லைட்டிங் எங்கே கற்றாலும் லைட்டிங்தான். எழுத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, 1980-களில் தொடங்கிய ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவை, படித்துக்கொண்டே பயிற்சி பெற வழி செய்கின்றன.

முதல் வாய்ப்பு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்தால், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குச் செலவு வைக்காமல் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, கையில் நான்கு நல்ல வீடியோக்களோடு நின்றால், அடுத்த இன்டர்வியூ சென்னையில் நடந்தாலும் தைரியமாகப் போகலாம்!