வள்ளத்துக்கு எத்தனை குதிரைவலு?

பழைய வள்ளமும் எஞ்சினும் வாங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில கணக்குகள்

கரையோரக் கிராமமொன்றில், பூவரச மர நிழலில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த 18 அடி பைபர் வள்ளமொன்றைச் சென்ற ஆண்டு நாம் கண்டோம். அதன் எஞ்சின் ஒரு வீட்டின் மூலையில் படங்கால் மூடிக் கிடந்தது. 40 குதிரைவலு. வாங்கி மூன்று மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. வள்ளத்துக்கு உரியவர்கள் ஐந்து குடும்பத்தினர். இடம்பெயரும் முன்னர் அவர்கள் நெல்லும் வெங்காயமும் செய்தவர்கள். காணி திரும்பக் கிடைக்கும் என்று காத்திருந்த காலத்தில், பெண்களின் நகைகளை ஈடுவைத்தும் சங்கத்தில் கடன் பெற்றும் இந்த வள்ளத்தை வாங்கியிருந்தார்கள்.

“கடல் தெரியாத எங்களுக்கு எஞ்சினாவது பெரிசாயிருக்கட்டும் எண்டு நினைச்சம் ஐயா” என்றார் அவர்களுள் மூத்தவர்.

அந்த நினைப்பில் பிழை காண எமக்கு மனம் வரவில்லை. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கடலில் எஞ்சினின் வலுவுக்கும் தொழில் செய்யும் நேரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2009 இல் போர் முடிந்து அவை தளர்ந்தபோது, பெரிய எஞ்சின் என்பது விடுதலையின் அடையாளம்போலப் பலருக்குத் தோன்றியது. வேகமாக ஓடும் வள்ளத்தைக் கரையில் நின்று பார்ப்பவருக்கு அதன் வேகம் தெரியும். அது குடிக்கும் எண்ணெய் தெரியாது. இன்றும் மண்ணை விட்டுக் கடலை நாடும் குடும்பங்கள் இருப்பதால், அந்த ஐந்து குடும்பத்தினரோடு இருந்து நாம் போட்ட கணக்கை இங்கே தருகிறோம்.

கிணறும் பம்பும்

தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. கிணற்றின் ஊற்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பம்பு பூட்ட வேண்டும். ஊற்றுக்கு மிஞ்சிய பம்பைப் பூட்டினால் தண்ணீர் கூடாது. கிணறு விரைவில் வற்றும், கரையோரத்தில் உவர்நீரும் ஏறும். வள்ளமும் அப்படியே. எஞ்சின் எவ்வளவு பெரிது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை வள்ளத்தின் நீளமும் நிறையும், நாம் போகும் கடலுமே.

ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. ஒரு சோடி எருது தொடர்ந்து வேலை செய்யும்போது தருவது சுமாராக இந்த அளவு வலுதான். அந்தக் கணக்கில் 40 குதிரைவலு என்பது நாற்பது சோடி எருது. ஒரு துண்டு வயலை உழ நாற்பது சோடி எருதை யாரும் தீனிபோட்டு வளர்ப்பதில்லை.

வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு

நீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்த வள்ளத்துக்கும் இயல்பான வேக வரம்பொன்று உண்டு. நீர்மட்டத்தில் வள்ளத்தின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று வரும். நீளம் 16 அடியாயின் வர்க்கமூலம் 4. வேகம் ஏறத்தாழ 5.4 கடல்மைல், அதாவது மணிக்கு 10 கிலோமீற்றர். இந்த வேகத்தில் வள்ளம் தானே எழுப்பிய அலைக்குள் அகப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் போக அது தன் அலை மீதே ஏற வேண்டும்.

ஆட்களும் வலையும் ஐசும் சேர்ந்து ஒரு தொன் நிறையுள்ள வள்ளத்தை, அமைதியான நீரில் அந்த இயல்பான வேகம் வரை கொண்டுசெல்ல ஏறத்தாழ 5 குதிரைவலு போதும். அந்த வரம்புக்குள்ளேயே வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும். போகும் நேரம் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் ஒரே தூரத்துக்கு எரியும் எண்ணெய் நாலு மடங்காகும்.

அடி தட்டையாகவும் உடல் பாரமில்லாமலும் உள்ள வள்ளம், போதிய வலு கிடைத்தால், நீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். விற்பவர் காட்டும் வேகம் இந்த வேகமே. அவர் ஓட்டிக் காட்டும்போது வள்ளத்தில் இருப்பவர் இரண்டு பேர். மூன்று பேரும் நனைந்த வலையும் ஐஸ் பெட்டியும் மீனும் ஏறியபின் அதே வள்ளம் மேலெழும்ப மாட்டாமல், பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரைத் தள்ளும். எண்ணெய் மிக வீணாகும் நிலை அதுதான்.

எண்ணெய்க் கணக்கு

இரண்டு அடி இயக்கமுள்ள பழைய வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று, கைபிடியை முழுதாக முறுக்கி ஓடும்போது, ஒரு குதிரைவலுவுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ அரை லீற்றர் எரிக்கும். 15 குதிரைவலு எஞ்சினுக்கு மணிக்கு ஏழரை லீற்றர். 40 குதிரைவலுவுக்கு 20 லீற்றர். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம், மாதம் 20 நாள் ஓடினால் சிறியதற்கு 300 லீற்றரும் பெரியதற்கு 800 லீற்றரும் தேவை. வித்தியாசம் 500 லீற்றர்.

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். 87 ரூபாவாக இருந்தபோது அந்த 500 லீற்றரின் விலை 43,500 ரூபா. 340 ரூபா ஆனபோது அதுவே 170,000 ரூபா. வாங்கப் போகிறவர்கள் அன்றைய விலையை இந்த இடத்தில் போட்டுப் பெருக்கிப் பார்க்க வேண்டும். மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

“பெரிய எஞ்சினை வாங்கி மெதுவாக ஓட்டினால் என்ன?” என்று கேட்பார்கள். எண்ணெய் மிச்சமாகும், உண்மை. ஆனால் பெரிய விலை கொடுத்தாயிற்று. 15 குதிரைவலு எஞ்சின் சுமார் 36 கிலோ. 40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல். அந்தப் பாரம் முழுவதும் வள்ளத்தின் பின்பலகையில் தொங்கும். நாளும் கரைக்குத் தூக்கிவர ஆள்பலமும் வேண்டும். இரண்டு அடி எஞ்சினை எந்நேரமும் குறைந்த சுற்றில் ஓட்டினால் பிளக்கில் கரிபிடித்து நின்றுபோகும்.

மிகச் சிறியதும் ஆபத்தே

இதைக் கேட்டு ஆகச் சிறிய எஞ்சினைத் தேடிப் போகவும் கூடாது. வாடைக்காற்றுக் காலத்தில் எதிர்நீரோட்டத்தில் திரும்பிவரும் வள்ளத்துக்குக் கையிருப்பு வலு வேண்டும். எந்நேரமும் முழு முறுக்கில் ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிருக்கே மோசம். வழக்கமான பாரத்தோடு வழக்கமான தூரத்தை முக்கால் முறுக்கில் ஓடி முடிக்கும் எஞ்சினே பொருத்தமானது. மிச்சக் கால்வாசி காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உரியது.

எங்கள் கரைகளில் இவ்வகை வள்ளங்களில் 9.9, 15, 25 குதிரைவலு எஞ்சின்களே கூடுதலாகக் காணப்படுகின்றன. யாழ்ப்பாணக் கடனீரேரி, மட்டக்களப்பு வாவி போன்ற ஆழங்குறைந்த நீரில் தொழில் செய்பவர்களுக்கு இவற்றில் சிறியதே போதும். பல இடங்களில் தாங்குகோலே போதும். கரைக்கு வெளியே சில கடல்மைல் போகிறவர்களுக்கு 15 பொருந்தும். 25 க்கு மேல் கேட்பவர், எவ்வளவு தூரம் போகிறோம், என்ன பிடிக்கிறோம் என்பதற்குத் தெளிவான பதில் வைத்திருக்க வேண்டும்.

பழையதை வாங்குமுன்

1. எஞ்சினின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பல வகைகளில் 9.9 உம் 15 உம் ஒரே உடலைக் கொண்டவை. மூடியையும் ஸ்டிக்கரையும் மாற்றுவது எளிது. வள்ளத்தில் கொளுவும் தாங்கியில் உள்ள தகட்டில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும். அதை எழுதிச் சென்று தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். தகடு சுரண்டப்பட்டிருந்தால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

2. எண் சரியாயிருந்தாலும் அது புது எஞ்சினின் வலு. தேய்ந்த எஞ்சின் அதைத் தராது. மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பியுங்கள். இரண்டுக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கோளாறு உண்டு.

3. கீழ்ப்பகுதியின் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது குளிராக்கும் நீர் பின்னால் தடையின்றிப் பாய வேண்டும்.

4. வள்ளத்தின் நிறையையும் பாருங்கள். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் வழங்கப்பட்ட வள்ளங்கள் பல இப்போது இருபது வயது கடந்தவை. அடித்தளத்துக்குள் இருக்கும் நுரையும் பலகையும் நீரை உறிஞ்சியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத பாரம் எந்நாளும் வள்ளத்தில் ஏறியிருக்கும். பின்பலகையை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி இல்லாமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே உக்கியிருக்கலாம். உக்கிய பலகையில் பெரிய எஞ்சினைப் பூட்டினால் பலகையோடு கழன்றுவிடும்.

5. பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வலையும் ஐசும் மீனும் எவ்வளவு வருமோ அவ்வளவுக்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். வேகத்தைக் கைத்தொலைபேசியிலேயே அளக்கலாம். காற்றோடு ஒருமுறையும் காற்றுக்கு எதிரே ஒருமுறையும் ஓடிச் சராசரி எடுங்கள். எஞ்சினின் சுற்றையும் மெக்கானிக் அளக்கட்டும். கைநூலில் சொல்லிய சுற்றுக்கு எஞ்சின் ஏறவில்லை என்றால், வலு குறைந்திருக்கிறது, அல்லது வள்ளம் பாரம், அல்லது நீருக்குள் சுழலும் விசிறி பொருந்தவில்லை. லான்ட்மாஸ்டரில் பாரம் இழுக்கத் தாழ்ந்த கியர் போடுவது போல, பாரம் ஏற்றும் வள்ளத்துக்குப் புரி குறைந்த விசிறி வேண்டும். விசிறியை மாற்றுவது எஞ்சினை மாற்றுவதிலும் மலிவு. பல சமயம் அதுவே போதும்.

6. வள்ளத்தில் எழுதியுள்ள பதிவு எண்ணை மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் காட்டி, விற்பவரே உரிமையாளரா என்று உறுதிப்படுத்துங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பெயர் மாற்றம் முடியுமுன் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

இவற்றோடு, மண்ணில் வளர்ந்த நாம் கடலில் பிள்ளைகளைப் போன்றவர்கள் என்பதையும் நினைவில் கொள்வோம். வாங்கும்போதும், முதல் பருவம் முழுவதும், கடலில் பழகிய ஒருவரைப் பங்காளியாகவோ கூலிக்கோ வைத்திருப்பது நல்லது. பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வாங்க.

மரத்தடியில் முடிந்த கணக்கு

அந்த ஐந்து குடும்பத்தினர் பிறகு 40 குதிரைவலு எஞ்சினை விற்றார்கள். வாங்கிய விலை கிடைக்கவில்லை. கிடைத்ததில் 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றையும் பாரம் இழுக்கும் விசிறி ஒன்றையும் வாங்கி, மிச்சத்தைக் கடனுக்குக் கட்டினார்கள். வள்ளம் இப்போது கடலுக்குப் போய்வருகிறது. ஒரு சோடி காப்பு மீண்டிருக்கிறது. தாலிக்கொடி ஒன்று இன்னும் ஈட்டில்தான். நட்டம் நட்டந்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இரவில் எண்ணெய்க் காசுக்கு யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் நிலை போய்விட்டது என்று அந்த வீட்டுத் தாய்மார் சொன்னார்கள்.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது பற்றிய உவமை லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த உவமையில் எமக்குப் பிடித்த செயல் உட்கார்ந்து கணக்கிடுவதுதான். தனியே அல்ல, குடும்பத்தோடும் குழுவோடும் உட்காருங்கள். நகையைக் கொடுத்த பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். நீளம், நிறை, தூரம், எண்ணெய் விலை என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிய பிறகு எஞ்சினைப் பார்க்கப் போங்கள். அப்போது விற்பவர் காட்டும் வேகத்தைக் கண்டு மயங்க வேண்டி வராது.